எல்லாம் ஒண்ணும் சைபருமாம்!

"இப்பல்லாம் செல்போன்ல எல்லாமே டிஜிட்டல்தானே, அனலாக் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு." ஆபீஸ் மீட்டிங்ல தொடங்கி நம்ம சகபதிவர்கள் வரைக்கும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு சாமி. சொல்றவங்க பூரா என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். (அதுல பாதிப் பேரு இ.சி.இ. படிச்சவங்கங்கறது தனிக்கூத்து.) அதனால இந்தப் பதிவு கொஞ்சம் காரமாவே இருக்கும். கோச்சுக்காதீங்க மக்கா.

ஒரே ஒரு கேள்வி. வர்ற வோல்டேஜை எண்ணா மாத்துது ஏடிசி. எதோட ஒப்பிட்டு மாத்துது? அரிசி அளக்கப் படி வேணும்ல, அந்தப் படிதான் வோல்டேஜ் ரெஃபரன்ஸ். படியே வெயிலுக்கு விரிஞ்சு குளிருக்குச் சுருங்குதுன்னா, அளந்த கணக்கை எந்த சாஃப்ட்வேர்ல போட்டு என்ன பிரயோசனம்?

அந்தப் படியைச் செஞ்ச கதை இருக்கே, அடடா! டிரான்சிஸ்டரோட பேஸ்-எமிட்டர் வோல்டேஜ், சூடு ஒரு டிகிரி ஏறினா சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். ரெண்டு டிரான்சிஸ்டரை வேற வேற மின்னோட்ட அடர்த்தியில ஓட்டினா, அதுங்களோட வித்தியாசம் சூட்டோட சேர்ந்து ஏறும். ஏறுறதை அளவாப் பெருக்கி இறங்குறதோட கூட்டினா, சுமார் 1.2 வோல்ட் அசையாம நிக்கும். 1964-ல ஹில்பைபர், 1971-ல பாப் விட்லர், 1974-ல பால் புரோகா... இவங்க போட்ட பாதைதான் 'பேண்ட்கேப்' ரெஃபரன்ஸ். இதுல ஒண்ணு எங்க, சைபர் எங்க?

சரி, ஹெட்செட்டுக்கு வருவோம். மைக் வேலை செய்ய போன் ஒரு வோல்டேஜ் கொடுக்கணும். அதுதான் பயாஸ் (கம்ப்யூட்டர்ல வர்ற பயாஸ் இல்லீங்க, இது வேற!). ஆண்ட்ராய்டு விதிப்படி 1.8-லருந்து 2.9 வோல்ட், 2.2 கிலோ ஓம் வழியா. அதே கம்பியிலதான் பட்டனும். வால்யூம் கூட்ட 240 ஓம், குறைக்க 470 ஓம். கணக்குப் போட்டுப் பாருங்க. பயாஸ் 2.9 வோல்ட்னா 'கூட்டு' பட்டன் 0.285 வோல்ட். 1.8 வோல்ட்னா 'குறை' பட்டன் 0.317 வோல்ட். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அவ்ளோதான்! பயாஸும் ஏடிசியும் ஒரே ரெஃபரன்ஸைப் பிடிச்சு நின்னா, அது கொஞ்சம் நகர்ந்தாலும் விகிதம் மாறாது. இல்லேன்னா கூட்டச் சொன்னா குறையும்.

இன்னொரு கூத்து, 2ஜி அழைப்புல வர்ற 'ஜ்ர்ர்ர்'. 4.615 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ரேடியோ ஆம்ப்ளிஃபையர் பேட்டரியை உறிஞ்சும், அதாவது செகண்டுக்கு 217 தடவை. மைக் சிக்னலோ சில மில்லிவோல்ட். பயாஸ் சுத்தமா இல்லேன்னா அந்த ஆட்டம் நேரா உங்க குரல்ல ஏறும். "ஃபில்டர் போட்டுக்கலாம்"னு ஒரு அறிவாளி சொன்னார். 434, 651-ன்னு அதோட மடங்கெல்லாம் குரல் இருக்கற இடத்துலயே உக்காந்திருக்கு. அதை வெட்டினா குரலும் சேர்ந்துல்ல போகும்?

எல்லாத்தையும் விட என்னைக் கடுப்பேத்துனது ஒரு கோட் ரிவ்யூ. ஆடியோ டிரைவர்ல இருந்த காத்திருப்பைப் பாத்துட்டு, "இது எதுக்கு, தூக்கு"ன்னு உத்தரவு. விளக்கினேன், எடுபடலை. தூக்கினாங்க. பாட்டு ஆரம்பிக்கறப்பல்லாம் 'டொப்'. அந்த பக்கை யார் தலையில கட்டினாங்கன்னு நினைக்கறீங்க? சர்க்யூட் போட்ட ஹார்ட்வேர்காரர் தலையில!

அந்தக் காத்திருப்பு சும்மா இல்ல சாமி. ஒலி சிக்னல் ஆடுறது சப்ளையில பாதி வோல்டேஜைச் சுத்தி. அந்தப் பாதி, கெபாசிட்டர்ல மெதுவா நிறையணும். ரெண்டு 50 கிலோ ஓம், ஒரு 4.7 மைக்ரோஃபாரட்... காலமாறிலி 117 மில்லி செகண்ட். முழுசா நிறைய அரை செகண்டுக்கு மேல ஆகும். வுல்ஃப்சன் கம்பெனியோட (2014-ல சிரஸ் லாஜிக் வாங்கிடுச்சு) டபிள்யூஎம்8960 சிப்புல, அவசரக்காரங்களுக்குன்னே 5 கிலோ ஓம் வழி ஒண்ணு வெச்சிருக்கான். டேட்டாஷீட்டைத் திறந்தாத்தானே தெரியும்!

அதையும் படிக்க நேரமில்லாத மகானுங்க, நேர்ல போய் அந்தக் கெபாசிட்டர்கிட்டயே "சீக்கிரம் சார்ஜ் ஆகு"ன்னு ஒரு மெயில் தட்டிவிடலாம். மேனேஜருக்கு சிசி போட மறந்துடாதீங்க :-)