புது யந்திரமும் குருட்டு நம்பிக்கையும்

பழையது என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளுவது எவ்வளவு மூடத்தனமோ, புதியது என்பதற்காக மாத்திரம் ஒன்றை ஒப்புக்கொள்ளுவதும் அவ்வளவு மூடத்தனமே ஆகும். "அப்படியானால் விஞ்ஞானத்தையுமா சந்தேகிப்பது?" என்று நம் தோழர்களில் சிலர் கோபித்துக் கொள்ளக்கூடும். ஆம், சந்தேகிக்கத்தான் வேண்டும். சந்தேகித்துப் பரீட்சை செய்து பார்ப்பதற்குப் பெயர்தான் விஞ்ஞானமே ஒழிய, மின்சாரத்தால் ஓடுகின்றவற்றிற்கெல்லாம் கும்பிடு போடுவதற்குப் பெயர் விஞ்ஞானம் அல்ல.

இன்றைய ஆஸ்பத்திரிகளில் ஆர்.எப்.ஐ.டி. என்று ஒரு சாதனம் வந்திருக்கின்றது. நோயாளியின் கைப்பட்டையிலோ, இரத்தப் பையிலோ, மருந்துப் பெட்டியிலோ ஒரு சிறு வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். படிக்கும் கருவி ரேடியோ அலையை வீசினால், "நான் இன்னார், நான் இன்ன பொருள்" என்று அந்த வில்லை பதில் கொடுக்கும். ஒரு வகை வில்லைக்கு பாட்டரியே கிடையாது. வீசுகின்ற அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். அதனாலேயே கருவி பலமாய் அலை வீச வேண்டியதாகின்றது. ஆள் மாறி இரத்தம் ஏற்றுவதையும், மருந்து மாறிப் போவதையும் தடுக்க இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அலை வில்லையோடு மாத்திரம் பேசிவிட்டு நின்றுவிடுமா? பக்கத்துக் கட்டிலில், தானாக மூச்சு விடமுடியாதவனுக்கு மூச்சு கொடுக்கும் யந்திரம் ஓடுகின்றதே, அதற்குள்ளும் புகாதா? புகுந்தால் அதன் வேலை கெடாதா?

இதை ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகர ஆராய்ச்சியாளர்கள் பரீட்சித்துப் பார்த்து, 2008-ம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சை அறையில், நோயாளி எவரையும் பிணைக்காமல், 41 வைத்தியக் கருவிகளை வைத்து 123 பரீட்சைகள் செய்தார்கள். 34 தடவை தொந்தரவு ஏற்பட்டது. அதில் 22 உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடியவை. மூச்சுக் கருவி அடியோடு நின்றது. மருந்து செலுத்தும் பம்பு நின்றது. சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் யந்திரம் நின்றது. இருதயத் துடிப்பைத் தூண்டும் வெளிக்கருவி தடுமாறியது. தொந்தரவு நேர்ந்த தூரங்களின் நடு அளவு 30 சென்டிமீட்டர். அதிகபட்சமோ 6 மீட்டர்!

இதனால் இந்தச் சாதனத்தையே உடைத்தெறிய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதே பரீட்சையில் 868 மெகாஹெர்ட்ஸ் அலை 26 கருவிகளைக் கெடுத்தது. 125 கிலோஹெர்ட்ஸ் அலை 8 கருவிகளையே கெடுத்தது. ஆகவே அலையின் வகை, பலம், தூரம், எதிரே இருக்கும் கருவி ஆகியவற்றைப் பொறுத்ததே ஆபத்து. நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒதுக்கியிருப்பதும் 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து துவங்கும் அலைகளே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

"எங்கள் கருவிகள் ஐ.இ.சி. 60601-1-2 என்ற சர்வதேச விதிப்படி செய்யப்பட்டவை" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். விதி அவசியந்தான். ஆனால் விதியில் கண்ட அளவுக்குத் தாங்கும் கருவியும், கைக்கெட்டும் தூரத்தில் அதற்கு மேற்பட்ட அலை வீசினால் தாங்குமென்பது என்ன நிச்சயம்?

ஆகவே ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன்னுடைய கருவிகளைத் தன்னுடைய அறையிலேயே, காலிக் கட்டிலில் வைத்துப் பரீட்சை செய்துவிட்டுத்தான் இதைப் புகுத்த வேண்டும். உயிர் காக்கும் யந்திரங்களுக்குப் பக்கத்தில் படிக்கும் கருவியை அண்டவிடக் கூடாது. பிரக்ஞையின்றிக் கிடப்பவன் எழுந்து கேட்கமாட்டான். அவனுக்காக வெளியே காத்துக் கிடக்கும் தாயும், மனைவியும், பிள்ளையும்தான் கேட்க வேண்டும்: "இதை இங்கே பரீட்சித்தீர்களா?" இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. அறிவுள்ள டாக்டர் இக்கேள்வியை வரவேற்பார் என்பதே நம் அபிப்பிராயம்.