இரண்டாவது பிரசவமும் பிரசவம்தான்

"ரெண்டாவதுதானே, அதெல்லாம் தானா வந்திடும்." லயத்திலும் சரி, தெமட்டகொடை வாடகை அறையிலும் சரி, இரண்டாம் முறை பிள்ளை உண்டாகியிருக்கும் நமது பெண்கள் கேட்கும் பேச்சு இது. மாமியார் சொல்கிறார், புருஷன் சொல்கிறார், வேலை கொடுப்பவரும் சொல்கிறார். இந்தப் பேச்சைத் தொழிற்சங்கம் எதிர்க்க வேண்டும் என்பது எமது கருத்து. இதன் பெயரால் ஒரு தாயின் ஓய்வும் கூலியும் சம்மதமும் பறிபோகின்றன.

தோட்டக் கூலி போதாமல் கொழும்புக்கு இறங்கிய நம் குடும்பங்கள் பல தெமட்டகொடையில் இருக்கின்றன. அங்கேயும் நெருக்கமான குடியிருப்புக்குத் தோட்டம் என்றுதான் பெயர். ஆனால் ஆஸ்பத்திரி கிட்டே இருக்கிறது. பக்கத்துப் பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. 1879இல் தொடங்கப்பட்ட டி சொய்சா வைத்தியசாலையும் தூரமில்லை. இரண்டும் அரச வைத்தியசாலைகள், பிரசவத்துக்குக் காசு கேட்பதில்லை. மலையில் ஒரு தாய் கரடுமுரடான பாதையில் லொறியிலோ ஆட்டோவிலோ குலுங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவளுக்குத் தூரம் எதிரி. தெமட்டகொடைத் தாய்க்கு அந்த எதிரி இல்லை. ஆனாலும் "ரெண்டாவதுதானே" என்று அவளையும் கடைசி நேரம் வரை வேலைக்கு அனுப்புகிறோம்.

உண்மையில் இரண்டாவது பிரசவத்தில்தான் சில விஷயங்களை இன்னும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும் நேரம் முதல் தடவையை விடக் குறைவு. ஆகவே முதல் வலியிலேயே கிளம்ப வேண்டும். முதல் பிள்ளை வயிற்றைக் கிழித்துப் பிறந்திருந்தால், பிரசவ வலியில் அந்தப் பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவர் விசேட வைத்தியரும் சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். தாயின் இரத்த வகை நெகடிவ், பிள்ளையுடையது பொசிடிவ் என்றால், முதல் பிரசவத்தில் தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பு அடுத்த பிள்ளையைத் தாக்கலாம். அதைத் தடுக்க ஊசி இருக்கிறது. பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். முதல் தடவை அது போடப்பட்டதா என்று பழைய கிளினிக் அட்டையைப் பாருங்கள். இரத்தம் குறைந்த உடம்போடு மலையேறிக் கொழுந்து பறித்தவளுக்குப் பிரசவத்தில் அதிக இரத்தம் போனால் தாங்காது. இந்த நாட்டில் தாய்மார் சாவதற்கான முக்கிய காரணங்களில் அந்த இரத்தப்போக்கும் ஒன்று.

அடுத்தது கூலி. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவு 42 நாளாகக் குறைந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். சட்டமே முதலாவது, இரண்டாவது என்று பார்ப்பதில்லை. நாம் ஏன் பார்க்க வேண்டும்? ஆனால் அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. கைக்காசுக்குப் பறிக்கும் பெண்ணுக்கு அந்த நாட்கள் எந்தப் புத்தகத்தில் பதிவாகின்றன? மலையைப் பிரித்துக் கொடுத்து, "நீ தொழிலாளி இல்லை, பங்காளி" என்று சொல்லும் புதிய முறையில் பிரசவக் காசை யார் கொடுப்பார்? தெமட்டகொடையிலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு, வயிறு தெரிந்ததும் "போயிட்டு அப்புறம் வா" என்பதே லீவு. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது நாட்சம்பளத்தோடு இந்தக் கேள்விகளும் மேசைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, சம்மதம். இரண்டு பிள்ளை ஆனதும் "போதும், ஆபரேசன் செய்துகொள்" என்ற பேச்சு தொடங்குகிறது. 1980களில் அந்த ஆபரேசனுக்கு அரசு 500 ரூபா கொடுத்தது. அன்றாடம் காய்ச்சிகளான நமக்கு அந்தக் காசு எவ்வளவு பெரியது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று ஒரு பெண் தானாக முடிவு செய்தால் அது அவளுடைய உரிமை. நாமும் அவளுக்குத் துணை நிற்போம். லூப் இருக்கிறது, ஊசி இருக்கிறது, ஆண்களுக்கான சிறிய ஆபரேசனும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் வலி வருவதற்கு முன்பே, அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். வலியில் துடிப்பவளிடம் வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டி வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. அந்த உரிமை பிரசவ அறையின் வாசலில் நின்றுவிடக் கூடாது.

இன்னுமொரு விஷயம், மூத்த பிள்ளை. முதல் பிரசவத்தில் இல்லாத கவலை இது. லயத்தில் பாட்டியோ பக்கத்துக் காம்பராக்காரியோ பார்த்துக்கொள்வார். தெமட்டகொடையில் யார் இருக்கிறார்? வீட்டில் விட்டுவந்த பிள்ளையை நினைத்து, வைத்தியர் சொல்வதற்கு முன்பே வீட்டுக்குப் போகத் துடிக்கும் தாய்மாரைப் பார்க்கிறோம்.

தோழர்களே, இதற்கெல்லாம் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கர்ப்பிணிகளின் வேலைநாட் கணக்கை மாதாமாதம் பார்க்கட்டும். இரவில் எந்த வாகனம் வரும், யார் கூடப் போவார் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கட்டும். கொழும்பில் இருக்கும் நம் குடும்பங்கள் மூன்று நான்காகச் சேர்ந்து, மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறையை அமைக்கட்டும். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தம் பகுதி மருத்துவ மாதுவிடம் உடனே பதியட்டும். குழந்தை பிறந்தால் 42 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். 1948இல் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று காட்டத் தாள் இல்லாமல் பிரஜாவுரிமை இழந்த சமூகம் நாம். இரண்டாவது பிள்ளைக்கும் அந்தத் தாள் வேண்டும். அதைப் பெற்றவளுக்கும் முதல் தடவை கிடைத்த அதே கவனிப்பு வேண்டும்.