ஈரம் புகுந்தால் உறை காக்காது

மழைக்காலம் தொடங்குமுன் நம் அங்கத்தினர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பம்புசெட்டுக்கோ விசைத்தறிக்கோ மோட்டார் வாங்குங்கால், எத்தனை குதிரைத்திறன் என்று பலமுறை கேட்கிறோம். கம்பியின் மேலுறை எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலரே.

மின்சாரம் செல்லும் பொருள், செல்லாப் பொருள் என்னும் வேறுபாட்டை உலகுக்குக் காட்டியதில் பட்டு நூலுக்குப் பங்குண்டு என்பது நெசவாளருக்கு உவப்பளிக்கும். 1729ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பார், தேய்த்த கண்ணாடிக் குழாயின் மின்சாரத்தை நீண்ட கயிற்றின் வழியே செலுத்திப் பார்த்தார். கயிற்றைத் தாங்கியவை பட்டு நூல்கள். பாரம் பொறாது பட்டு அறுந்தபோது, மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்சாரம் மறுமுனையை எட்டவில்லை. தாங்கிய கம்பியின் வழியே கசிந்துவிட்டது. முன்னர்க் கசிவைத் தடுத்தது நூலின் மெலிவன்று, பட்டு என்னும் பொருளே என்று தெளிந்தார். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டின்றி நகர்கின்றன; பட்டிலும் ரப்பரிலும் பீங்கானிலும் அவை கட்டுண்டு கிடக்கின்றன.

ஆயின் கிரேயின் கயிறும் நாரினால் ஆனதுதானே. அது எங்ஙனம் கடத்திற்று? இழைகளில் தங்கிய ஈரத்தினால். இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். உலர்ந்த மரம் மின்சாரத்தைத் தடுக்கும். நனைந்த மரத்தை நம்பலாகாது. வெடித்த உறைமீது சுற்றிய துணி ஒரு தூறலில் கடத்தியாகிவிடும். முற்காலத்தில் மோட்டாரின் கம்பிகளுக்குப் பருத்தி நூலையே உறையாகச் சுற்றினர்; அதனையும் வார்னிஷில் தோய்த்த பின்னரே நம்பினர்.

மனித உடலும் அத்தகையதே. தோல் நனைந்தால் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கக்கூடும். 230 வோல்ட்டில் அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். 'பியூஸ் இருக்கிறதே' என்பர் சிலர். 10 ஆம்பியர் பியூஸ், கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தில் உருகுமோ? அது கம்பியைக் காக்க வைத்தது. ஆளைக் காக்க அன்று. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதனோடு மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கு எர்த் இணைப்பும் வேண்டும்.

மோட்டாருக்குக் கடன் வழங்கும்போதே இவ்விரண்டின் செலவையும் சங்கம் அதில் சேர்த்துவிட வேண்டும் என்பது நம் கருத்து. கடன் சுமை கூடுமே என்று மறுப்பு எழலாம். மோட்டாரில் கைவைத்து மாண்டவரின் மனைவியிடம் அக்கடனைத் தண்டச் செல்லும் நாளை மறுப்போர் எண்ணிப் பார்க்கட்டும்.

சங்கம் ஒரு மெக்கர் கருவி வாங்கிப் புரட்டாசிதோறும், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அங்கத்தினரின் மோட்டார்களைச் சோதிக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யும் சோதனை இது. ஒரு மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டும் மோட்டாரை, உலர்த்திச் செப்பனிடாமல் ஓட்டலாகாது. வரும் பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணருமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.