ஆறாம் ஆண்டோடு பள்ளி வாசலை மறந்துடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை உங்க வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்க. இல்லையென்றால், அப்படிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்பி விடுங்க.

ஜனவரி 12-ஆம் தேதி கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 2026 பள்ளித் தவணை தொடங்குகிறது. இந்த விடுமுறையில் கோயிலுக்கு வருகிற பெற்றோர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள். நீல சிலுவாருக்குப் பதிலாகப் பச்சை சிலுவார், பெண் பிள்ளைக்குப் புது நிறத்தில் பினஃபோர், காலணி, பை, டியூஷன் எங்கே நல்லா இருக்கு. அரசாங்கம் தருகிற 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி எதுக்குப் பத்தும் என்ற கணக்கு வேறு. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் வருஷா வருஷம் கோயில் மண்டபத்தில் தேவார வகுப்பும் சனிக்கிழமை பாட வகுப்பும் நடத்துகிற எங்களுக்கு வேறு ஒரு கவலை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

படிவம் ஒன்றுக்குப் போகும்போது பிள்ளை பள்ளி மாறுகிறான். அதே நாளில் அம்மா அப்பா பள்ளியை விட்டே விலகி விடுகிறார்கள். பிள்ளை தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

யோசித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? காலையில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டீர்கள். பொங்கலுக்குப் பானை தூக்கினீர்கள். கோத்தோங் ரோயோங்கில் பெயிண்ட் அடித்தீர்கள். டீச்சருக்கு உங்கள் குடும்பமே தெரியும், பாட்டிக்கு உடம்பு முடியலன்னா கூட விசாரிப்பார். ஒரு சந்தேகம் என்றால் புலனத்தில் ஒரு குரல் பதிவு போதும். அதே பெற்றோர், இடைநிலைப்பள்ளி கேட்டுக்குள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடப் போவதில்லை. கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "அவன் பெரிய பையனாயிட்டான்லா, அவனே பாத்துக்குவான்." இன்னொன்று, குரலைத் தாழ்த்திச் சொல்வது: "நமக்கு மலாய் அவ்வளவா வராதுண்ணே, அங்க போயி என்னா பேசறது?"

முதல் பதிலை நாங்கள் ஏற்பதில்லை. பதின்மூன்று வயது பெரிய வயது இல்லை. டிசம்பரில் பள்ளியிலேயே மூத்தவனாக இருந்த பிள்ளை ஜனவரியில் எல்லாரையும் விடச் சின்னவன். நூறு, இருநூறு பேர் படித்த பள்ளியிலிருந்து ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிற பள்ளிக்குள் நுழைகிறான். ஒரு வகுப்பாசிரியர் போய், பாடத்துக்கு ஒரு சிக்கு. அவர்களில் யாருக்கும் அவன் பெயர் வாயில் நுழைய ஒரு மாதம் ஆகும்.

பாடமும் அப்படித்தான். பலர் நினைப்பது போல நம் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தமிழில் பின்னம் போடத் தெரிந்த பிள்ளை, கேள்வித்தாளில் 'பெச்சாஹான்' என்று பார்த்ததும் நின்று விடுகிறான். பரப்பளவு தெரியும், 'லுவாஸ்' தெரியாது. ஒளிச்சேர்க்கையைப் படம் போட்டு விளக்குவான், 'ஃபோத்தோசிந்தேசிஸ்' என்றால் விழிப்பான். அதைப் பார்த்துவிட்டு அவனே, "நான் மக்கு" என்று முடிவு கட்டிக்கொள்கிறான். சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. ஒரு ஐம்பது சென் நோட்டுப் புத்தகம், மூன்று கோடு: தமிழ், மலாய், ஆங்கிலம். ஒரு நாளைக்கு ஐந்து சொல். பள்ளி திறப்பதற்குள் நூறு சொல் சேர்ந்துவிடும். இதற்கு டியூஷன் காசு வேண்டாம். வீட்டில் படிவம் மூன்று படிக்கிற அக்கா இருந்தால் போதும்.

முன்பு யு.பி.எஸ்.ஆர். இருந்தது. 1988-இல் வந்த தேர்வு, 2021-இல் எடுத்து விட்டார்கள். அதோடு பிள்ளைகளின் பயமும் போனது, நல்லதுதான். ஆனால் ஏழு ஏ, எட்டு ஏ என்று கொண்டாடின காலத்தில் அந்த முடிவு வந்த அன்றாவது பெற்றோர் உட்கார்ந்து, பிள்ளை எதில் தேறினான், எதில் பின்தங்கினான் என்று பார்த்தார்கள். இப்போது வகுப்பு மதிப்பீட்டு அறிக்கை வருகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட்டிருக்கும். எத்தனை வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்தோம்? குறிப்பாக மலாய் மொழிக்கு என்ன நிலை என்று இன்றைக்கே பாருங்கள். ஏனென்றால் அதில் குறைந்தால் பிள்ளை நேராகப் படிவம் ஒன்றுக்குப் போகாமல் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்.

புகுமுக வகுப்பு என்றதும் சில வீடுகளில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. சொந்தக்காரர் முன்னாடி சொல்ல வெட்கம், பிள்ளை காதுபடவே பேச்சு. அது ஒரு வருஷம். மலாய் மொழியைப் பலப்படுத்திக்கொண்டு, எஸ்.பி.எம்.-ஐ ஒரு வருஷம் தள்ளி எழுதுவான், அவ்வளவுதான். அந்த வருஷத்தில் பாடத்தால் பிள்ளை உடைவதில்லை. "உன் கூட்டாளி எல்லாம் படிவம் ஒன்று, நீ மட்டும்..." என்று வீட்டில் பேசுகிற பேச்சில்தான் உடைகிறான். தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்க.

இன்னொரு விஷயத்தை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. இடம் போதாத சில பள்ளிகளில் படிவம் 1, 2 பிள்ளைகளுக்கு மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. மாலை ஆறு, ஆறரைக்கு விடுவார்கள். அப்பா போர்ட் கிள்ளானில் ஷிப்ட், அம்மா ஷா ஆலமில் கம்பெனி பஸ் பிடிக்க ஐந்து மணிக்கே கிளம்பியாச்சு. காலை முழுக்க பிள்ளை தனியாக, கையில் போன். சாப்பாடு கூட ஒழுங்காக இருக்காது. கிள்ளான் பக்கம் உள்ளவர்களுக்கு நாங்கள் விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை, பள்ளிக்கு வெளியே தோளில் கை போட்டு "நம்ம பையன்" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் யார் என்று. வீட்டிலும் பள்ளியிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை ரொம்ப இனிக்கும். பகடிவதையும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். பிள்ளை திடீரென்று வயிற்று வலி என்கிறான், கைச்செலவுக் காசு பத்தலை என்கிறான், புதுச் சட்டை கிழிந்து வருகிறது என்றால், அடிக்காதீங்க, முதலில் கேளுங்க. பிறகு பள்ளிக்குப் போங்க. கட்டொழுங்கு ஆசிரியர் இருக்கிறார், ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவர்கள் வேலையே அதுதான்.

இரண்டாவது பதிலுக்கு வருவோம், மலாய் வராது என்பது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடைந்த மலாயில் பேசினாலும் பிள்ளைக்காக வந்திருக்கிற அம்மாவை எந்த நல்ல சிக்குவும் மதிப்பார். ஒரு அம்மா, துப்புரவு வேலை செய்பவர், போன வருஷம் ஒரு தாளில் நான்கே வரி எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார். என் பெயர் இது, என் மகன் இந்த வகுப்பு, அவன் எப்படி இருக்கிறான், என் நம்பர் இது. அன்றிலிருந்து அந்த வகுப்பாசிரியர் பையன் வராத நாளில் மெசேஜ் போடுகிறார்.

இப்போது முக்கியமான விஷயம். தமிழ் வகுப்பு.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழ் என்பது ஒரு பாடம் மட்டும். அதுவும் தானாக வராது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்று இருக்கிறது. 'கேட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காத பள்ளியில் வகுப்பு இல்லை என்றால் நாம் யாரைக் குறை சொல்வது? எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இருபதுக்கும் மேல் நம் பிள்ளைகள் இருந்தும் தமிழ் வகுப்பு அமையவில்லை. பாரம் கொடுத்த பெற்றோர் ஆறு பேர்.

"எஸ்.பி.எம்.-க்குத் தமிழ் ஒரு சுமை, விடுங்க" என்று சொல்கிறவர்களும் நம்மிடையே உண்டு. கோயிலிலேயே இதைப் பற்றி வாக்குவாதம் நடந்திருக்கிறது. நாங்கள் மொழிப்பற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. வேறு வேறு தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து வேறு வேறு வகுப்பில் சிதறிக் கிடக்கிற பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிற இடம் அந்தத் தமிழ் வகுப்பு. மலாயில் பேசத் தயங்குகிற பெற்றோருக்கு அந்தப் பள்ளிக்குள் முதல் கதவு அந்தத் தமிழாசிரியர். பையன் வழி மாறினால் முதலில் கவனிப்பதும் பெரும்பாலும் அவர்தான். அதற்காக நம் பிள்ளைகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று அர்த்தமில்லை. சாரணர் இயக்கம், காவல் படை, பந்து, பேச்சுப்போட்டி எதிலாவது சேர்த்து விடுங்கள், எல்லா இனப் பிள்ளைகளோடும் பழகட்டும்.

ஆரம்பக் கல்வி 2003-இலிருந்து கட்டாயம். 2025 ஜூலையில் மக்களவை இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. சட்டம் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கலாம். மாலையில் வந்து பையைத் தூக்கிப் போட்டதும், "இன்னிக்கு யாரு கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேட்க வீட்டில் ஆள் வேண்டும். "ஹோம்வொர்க் முடிச்சியா"வைப் பிறகு கேட்டுக்கலாம்.

எங்களால் முடிந்தது: பள்ளி திறக்கும் வரை சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை மண்டபத்தில் இருப்போம். பாரம் நிரப்ப, சொல் நோட்டு போட, அந்த நான்கு வரியைப் பழக, எதற்கும் வரலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், முதல் வாரத்தில் எங்களில் ஒருவர் உங்களோடு பள்ளிக்கு வருவோம், லீவு போட்டாச்சு. பிப்ரவரி 1 தைப்பூசம், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட வேண்டாம், அதற்குள் கால அட்டவணை முடிவாகிவிடும்.

பிரசாதம் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் பள்ளி வாரியாகத் தாள் வைத்திருக்கிறோம், தமிழ் வகுப்பு கேட்கும் பெற்றோர் பெயர் எழுத. நேற்று இரவு நடை சாத்தும்போது ஒரு பள்ளிக்கு 11 பெயர் சேர்ந்திருந்தது. இன்னும் நான்கு பேர் வேண்டும்.