ஒயர் புராணம்

கழுத்து வலி என்று டாக்டரிடம் போனேன். தைலம் எழுதித் தருவார் என்று நினைத்தால், “லேப்டாப்பை எத்தனை மணி நேரம் குனிஞ்சு பார்ப்பீங்க?” என்றார்.

“பத்து.”

“கண் மட்டத்துக்கு ஒரு மானிட்டர் வாங்கி வைங்க.” ஃபீஸையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கும் மானிட்டர் தேவைதான். போன மாத ரிவ்யூவில், சின்ன ஸ்கிரீனில் ஒரு வரி தள்ளிப் படித்து, திருச்சிக் கிளையின் நஷ்டத்தை மதுரையின் தலையில் கட்டியவன் நான். மதுரை மேனேஜர் இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. ‘இன்னொரு தடவை இப்படி நடந்தால்...’ என்று ஹெட் ஆபீஸில் பாதியில் நிறுத்தினார்கள். முடிக்காத வாக்கியம் இருக்கிறதே, அதுதான் சார் தூக்கத்தைக் கெடுக்கும்.

தவணையில் 24 இஞ்ச் மானிட்டர் வந்திறங்கியது ஞாயிறு சாயங்காலம். அடுத்த ரிவ்யூ திங்கள் காலை 10 மணி.

பெட்டிக்குள் ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் இருந்தது. என் லேப்டாப்போ ஒல்லிப்பிச்சான். இரண்டு டைப்-சி ஓட்டையைத் தவிர வேறு வாயே கிடையாது. பழைய லேப்டாப்பில் வி.ஜி.ஏ. இருக்கும். 1987-ல் வந்த சரக்கு. 15 முள், இரண்டு பக்கமும் திருகாணி. லேசாக அசைந்தால் படம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆகும். ஆனாலும் யோக்கியன். தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் நுழையவே நுழையாது.

மானிட்டரின் முதுகிலும் ஒரு டைப்-சி தெரிந்தது. ஆஹா! செல்போன் சார்ஜர் கேபிளை உருவி இரண்டு பக்கமும் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. லேப்டாப்பில் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’.

“ஏங்க, சாப்பாடு போடறாங்க, ஆனா பேச மாட்டேங்கறாங்களா? உங்கக்கா வீடு மாதிரி இருக்கே!” என்றாள் மனைவி.

மணி ஒன்பது. மாடி வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். கேபிளைத் தொட்டதுமே சிரித்தான்.

“அங்கிள், இது சார்ஜர் ஒயர்.”

“100 வாட்னு அட்டையில போட்டிருந்ததேப்பா!”

“அது கரண்ட் கணக்கு. படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.”

டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தானாம். வாயில் 24 முள் இருக்கும். ஆனால் எல்லா முள்ளுக்கும் உள்ளே ஒயர் இழுத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சார்ஜர் கேபிளில் கரண்டுக்கு ஒயர் இருக்கும், 480 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஃபைல் அனுப்ப ஒரு ஜோடி இருக்கும். படம் போவதற்கு வேக ஜோடிகள் தனியாக வேண்டும். அது இதில் கிடையவே கிடையாது. இல்லாத ரோட்டில் பஸ் விட்டிருக்கிறேன்!

அதோடு விட்டானா? டார்ச் அடித்து லேப்டாப்பின் விலாவைக் காட்டினான். ஒரு ஓட்டையின் பக்கத்தில் டி-யும் பி-யும் ஒட்டிக்கொண்ட மாதிரி குட்டிச் சின்னம். டிஸ்ப்ளே போர்ட். “இதுலதான் படம் வரும். நீங்க செருகினது இன்னொண்ணு.” இரண்டு வருஷமாக இதே லேப்டாப்பில்தான் சோறு தின்கிறேன், இந்தச் சின்னத்தைப் பார்த்ததே இல்லை. (சில கம்பெனிக்காரர்கள் சின்னமே போடுவதில்லையாம். மாடல் நம்பரை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டியதுதான்.)

தன்னுடைய தடியான கேபிளைக் கொண்டுவந்து செருகினான். மறுபடி ‘நோ சிக்னல்’! எனக்கு வியர்த்தது. அவன் நிதானமாக மானிட்டரின் அடியில் பட்டனை அமுக்கி, ஹெச்.டி.எம்.ஐ. என்றிருந்ததை டைப்-சி என்று மாற்றினான். பளிச்! விண்டோஸ் பட்டனோடு ‘பி’யை அமுக்கி, ‘எக்ஸ்டெண்ட்’ வைத்ததும் இரண்டு ஸ்கிரீனும் சேர்ந்து ஒரே மேஜையாக விரிந்தது.

“நாளைக்குக் கடையில ‘டைப்-சி கேபிள்’னு மட்டும் கேட்காதீங்க அங்கிள். ‘வீடியோ வருமா’ன்னு கேளுங்க. 480-ன்னு போட்டிருந்தா தொடாதீங்க.”

திங்கள் காலை 10 மணி. எக்ஸெல் ஷீட் கல்யாணப் பந்திப் பாய் மாதிரி நீளமாக விரிந்து கிடந்தது. திருச்சி திருச்சியாக, மதுரை மதுரையாகப் படித்தேன். மதுரை மேனேஜரே, “கரெக்ட்” என்றார்.

முடிக்கிற நேரத்தில் பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

“கணக்கெல்லாம் சரி மிஸ்டர். ஒரு மணி நேரமா என் முகத்தைப் பார்க்காம ஜன்னல் பக்கமே பார்த்துப் பேசறீங்களே, அங்கே யாரு?”

கேமரா லேப்டாப்பில் இருக்கிறது சார்!