கணக்கில் இருந்தாலும் கணக்கில் வராது

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு லண்டன் மாப்பிள்ளை அமைந்தால், நிச்சயதார்த்தப் பந்தி முடிவதற்குள் விசா பேச்சு வந்துவிடும். "பேங்க்ல பெரிய தொகையாப் போட்டுக் காட்டிட்டா வேலை முடிஞ்சுது. ரெண்டு வாரத்துல எடுத்துக்கலாம்" என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

சுற்றுலா விசாவுக்கு பேலன்ஸ் காட்டிப் பழகிய வாயிலிருந்து வரும் பேச்சு அது. துணைவர் விசாவுக்குப் பொருந்தாது. மாப்பிள்ளை பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால் விதி என்ன சொல்கிறது? பந்தியில் கேட்ட ஒவ்வொரு வாதமாக எடுத்துக்கொள்வோம்.

‘பணத்தைப் போட்டுக் காட்டினால் போதும்’

போதாது. முதலில் கேட்கப்படுவது வருமானம். 2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக இருந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால், அந்த ஆறு மாதப் பே ஸ்லிப், அதே சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், நிறுவனத்தின் கடிதம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டலாமா? காட்டலாம். ஆனால் முதல் 16,000 பவுண்டு கணக்கில் சேராது. அதற்கு மேல், வரம்புக்குக் குறையும் தொகையைப் போல இரண்டரை மடங்கு வேண்டும். ஆக மொத்தம் 88,500 பவுண்டு. நம் பணத்தில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். சம்பளம் 24,000 என்றால் குறைவது 5,000. அப்போது 28,500 பவுண்டு சேமிப்பு இருந்தால் ஈடுகட்டலாம். பொதுவாக அந்தப் பணம் ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாயிரம், எட்டாயிரம் என்று தள்ளாடிக்கொண்டிருந்த கணக்கில், விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு எண்பது லட்சம் விழுந்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதிகாரி கடைசி வரியோடு நிறுத்த மாட்டார், அதற்கு முந்தைய ஆறு மாதத்தையும் படிப்பார். அப்பா மகளுக்குக் கொடுத்த பணம் தாராளமாகச் செல்லும். ஆனால் அது திருப்பித் தர வேண்டாத பணமாக இருக்க வேண்டும். அவள் பெயரிலேயே ஆறு மாதம் இருந்திருக்கவும் வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணம் செல்லாது.

‘பெண்ணும் சம்பாதிக்கிறாளே’

சம்பாதிக்கிறாள்தான். ஆனால் இங்கிருந்து விண்ணப்பிக்கும்போது, சிப்காட் வளாகத்தில் அவள் வாங்கும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட அந்த 29,000-த்தில் சேராது. அழைப்பவரின் வேலை வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். பெண் ஏற்கெனவே பிரிட்டனில் வேலை செய்யும் அனுமதியோடு இருந்தால் மட்டுமே அவள் சம்பளமும் சேரும். நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் விதி அதுதான்.

‘ஊரில் சொத்து இருக்கிறது’

பத்திரமும் நகையும் அப்படியே எடுபடாது. விற்றுப் பணமாக்கினால்தான் சேமிப்பு. ஆனால் இந்தப் பகுதிக்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பெண்ணின் சம்பளத்தைத் தள்ளிவிடும் அதே விதி, அவள் பெயரில் உள்ள வீட்டின் வாடகையை ஏற்றுக்கொள்கிறது, அந்த வீடு இந்தியாவில் இருந்தாலும்.

சிப்காட் வந்த பிறகு ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகை பெரும்பாலும் எப்படி வருகிறது? ஒப்பந்தம் கிடையாது, ஐந்தாம் தேதி கையில் ரொக்கம், ஒரு நோட்டில் டிக். பத்திரமோ அப்பா பெயரில். இப்படி இருந்தால் எடுபடாது. வீடு பெண்ணின் பெயரில் இருந்து, வாடகை ஒப்பந்தமும் பன்னிரண்டு மாதம் வங்கி வழியே வாடகை வந்ததற்கான ஸ்டேட்மென்டும் இருந்தால் கணக்கில் சேரும்.

‘அங்கே சொந்த வீடு இருக்க வேண்டும்’

வேண்டாம். வாடகை வீடு போதும். உறவினர் வீட்டில் தம்பதிக்கென்று ஓர் அறை இருந்தாலும் போதும். ‘யார் வீட்டு முகவரியாவது கொடுத்தால் சரி’ என்பதும் தவறு. அந்த வீடு நெரிசல் வீடாக இருக்கக் கூடாது. 1985ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின்படி, படுக்கத் தகுந்த அறை இரண்டு என்றால் மூன்று பேர், மூன்று என்றால் ஐந்து பேர். ஹாலும் அறைதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கில் வராது; பத்து வயதுக்குட்பட்டவர் அரை ஆள். ஒரே அறையில் ஷிப்ட் மாற்றிப் படுக்கும் நம் ஊர் மேன்ஷன் கணக்கு அங்கே நடக்காது. வாடகை ஒப்பந்தமும், இன்னொருவர் வந்து தங்க வீட்டுக்காரர் சம்மதிக்கும் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

‘எல்லா நாட்டுக்கும் ஒரே விதிதான்’

இல்லவே இல்லை. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியை உடன் வைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் இருந்தாலும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். கனடாவில் கணவனையோ மனைவியையோ அழைக்கப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான வரம்பே இல்லை. ஆனால் பொய் ஆவணம் பிடிபட்டால் ஐந்தாண்டுத் தடை. பிரிட்டனிலேயே வேலை விசாவில் இருப்பவருக்கு இந்த 29,000 பொருந்தாது. ஆனால் 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் பராமரிப்புப் பணியாளராக விசா பெற்றவர் குடும்பத்தை அழைத்து வரவே முடியாது. ஆகவே மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார் என்பதோடு, எந்த அனுமதியில் இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் விசா என்றால் அதில் பாதி உண்மை உண்டு, வரம்பு உயரம்தான். ஆனால் தகுதியான குடும்பங்களும் தடுமாறுவது பெரும்பாலும் தொகையில் இல்லை, தேதியில். ஆகவே ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்கும் முன், அன்றைக்குள்ள வரம்பை அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பாருங்கள். விண்ணப்ப நாளிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணி, அன்றே பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, அதன்மேல் கை வைக்காமல் இருங்கள்.