கோர்ட்டும் தொடாத கூலி

சென்ற மாதம் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி தமது பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்திற்கு வந்தார். "தோழர், வேலை செய்தது நான். சம்பளத்தை எடுத்துக்கொண்டது யார் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தோம். திருடன் எவனும் வரவில்லை. அவர் தவணையில் ஒரு செல்போன் வாங்கியிருந்தார். கடையில் நீட்டிய காகிதங்களில் ஒன்று, மாதம் ஐந்தாம் தேதி தம் கணக்கிலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பைனான்ஸ் கம்பெனிக்கு அவர் எழுதிக்கொடுத்த அதிகாரம். ஆங்கிலத்தில் இருந்தது, படித்துக் காட்ட ஆளில்லை. அந்த மாதம் ஆலை நிர்வாகம் சம்பளம் போட்டது பன்னிரண்டாம் தேதி. ஐந்தாம் தேதி கம்பெனி கணக்கில் கை விட்டது, பணம் இல்லை. பாங்கு 250 ரூபாய் அபராதமும், அதன்மேல் 18 சதவீத வரியுமாக 295 ரூபாய் பற்று எழுதியது. எட்டாம் தேதி கம்பெனி மறுபடியும் கை விட்டது. மறுபடியும் 295. சம்பளம் வந்து விழுந்த அன்றே இரண்டு அபராதமும் தவணையும் ஒன்றாகப் போய்விட்டன. கம்பெனி தன் பங்குக்கு "பவுன்ஸ் சார்ஜ்" என்று தனியாக வேறு கேட்கிறது.

இங்கே குற்றம் செய்தது யார்? மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு. அதை மீறியவர் முதலாளி. அவருக்கு ஒரு காசு அபராதம் இல்லை. அவர் தாமதித்ததற்கு அபராதம் கட்டியவர் தொழிலாளி! பாங்கும் கம்பெனியும் பங்கு போட்டுக்கொண்டன.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு சட்டங்களை நினைவூட்டுகிறோம். 1908-ல் வெள்ளைக்காரன் எழுதிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, உழைப்பாளியின் கூலியைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. லேவாதேவிக்காரன் வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, அமீனாவோடு வந்தாலும் கூலியில் கை வைக்க முடியாது. ஆனால் இன்று கம்பெனிக்கு வழக்கும் வேண்டாம், அமீனாவும் வேண்டாம். ஒரு கையெழுத்து போதும். கூலி கணக்கில் விழுந்த நொடியில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சட்டம் 2007-ம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம். கடனுக்காகக் கொடுத்த பிடித்த உத்தரவு பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் கொடுத்த பிறகும் பணம் கட்டாவிட்டால் அது குற்றம் என்கிறது அதன் 25-வது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்கில் பணமில்லாத ஏழைக்கு இந்தக் கதி. சம்மதமில்லாமல் பணத்தை எடுத்த கம்பெனியோ, "தவறு நடந்துவிட்டது, திருப்பிப் போடுகிறோம்" என்று சொல்லித் தப்பிவிடுகிறது. அதையும் நாம் நாலு தடவை நடந்தால்தான்!

2021 ஆகஸ்ட் 1 முதல் இந்தப் பிடித்தம் வாரத்தில் ஏழு நாளும் நடக்கிறது. ஆலைக்கு வார லீவு உண்டு. வசூலுக்கு லீவு கிடையாது.

கிராமத்திற்குப் போவோம். விவசாயத் தொழிலாளிப் பெண்கள் பலரின் பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் குறைந்திருக்கும். மத்திய சர்க்கார் 2015-ல் தொடங்கிய ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தின் வருஷப் பிரிமியம் அது. முதலில் 330 ரூபாயாக இருந்தது. 2022 ஜூன் முதல் 436. இன்ஷ்யூரன்ஸ் கூடாதென்று நாம் சொல்லவில்லை. குடும்பத்திற்கு இரண்டு லட்சம் ரூபாய் வரும் ஏற்பாடு உழைப்பாளிக்கு வேண்டியதுதான். ஆனால் கேட்காமலே சேர்த்துவிட்டார்கள் என்ற புகார் பல இடங்களிலிருந்து வருகிறது. பணம் போவது மட்டும் இதில் கேடு அல்ல. தன்னைச் சேர்த்திருப்பதே தெரியாத பெண் இறந்துபோனால், அவள் பிள்ளைகள் எந்த இரண்டு லட்சத்தைப் போய்க் கேட்பார்கள்? பிரிமியம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கத் தெரியவில்லை.

இப்படிச் சில்லறையாகப் பிடிப்பது எவ்வளவு திரளும் என்று கேட்கலாம். குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்ற ஒரே காரணத்திற்காக அரசுடைமை பாங்குகளும் ஐந்து பெரிய தனியார் பாங்குகளும் 2018 முதல் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. பணமில்லை என்பதற்காக வாங்கிய பணம்! கூச்சல் கிளம்பிய பிறகுதான் 2025-ல் சில அரசுடைமை பாங்குகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

கையிலிருக்கும் உரிமைகளையாவது நாம் முழுக்கப் பயன்படுத்த வேண்டும். பிடிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தவர் அதை ரத்துச் செய்யலாம். தம் பாங்குக் கிளையிலேயே எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். (இதனால் கடன் ரத்தாகாது. அதை மறந்து ஏமாறக் கூடாது.) இன்ஷ்யூரன்ஸ் பிடித்தத்தையும் இவ்விதமே நிறுத்தலாம். நாம் அறியாமல் வேறொருவர் பணம் எடுத்திருந்தால், பாங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நம்மேல் பொறுப்பில்லை என்றும், பத்து வேலை நாட்களுக்குள் பாங்கு தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும், நம்மேல் தவறென்றால் அதை நிரூபிப்பது பாங்கின் பொறுப்பென்றும் ரிசர்வ் பாங்கு 2017 ஜூலையில் உத்தரவிட்டது. தவணை தவறியதற்குப் போடும் அபராதத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்பது 2024 முதல் உள்ள விதி. பாங்கு முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. மாவட்ட நுகர்வோர் கமிஷனிலும் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி பம்பாயில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

ஆனால் 295 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து கமிஷன் வாசலில் நிற்கத் தனி ஆளால் முடியுமா? முடியாது. கம்பெனிகள் கணக்குப் போட்டு வைத்திருப்பதே இதைத்தான். இங்கேதான் சங்கம் வேண்டும். ஒருவர் கொண்டுபோனால் மானேஜர் "சிஸ்டம் பிடித்துவிட்டது" என்பார். ஐம்பது பாஸ்புக்கை ஒன்றாகக் கொண்டுபோனால் சிஸ்டத்திற்கும் காது கேட்கும்.

சர்க்காரையும் ரிசர்வ் பாங்கையும் நாம் கோருவது இதுதான். கார்டிலும் யு.பி.ஐ.யிலும் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்று விதி போட்டிருக்கிறீர்கள். கடன் தவணைக்கும் அதையே, தமிழில் தகவலாக, கட்டாயமாக்குங்கள். சம்பளத் தேதிக்கு முன்னால் பிடிக்க வராதீர்கள். ஒரு தவணைக்கு ஒரு தடவைக்கு மேல் அபராதம் கூடாது. முதலாளி சம்பளத்தைத் தாமதித்தால் அந்த அபராதத்தை அவரிடம் வசூலியுங்கள். 60-வது பிரிவு கூலிக்குக் கொடுத்த பாதுகாப்பு, அது பாங்கில் விழுந்த பிறகும் இருக்க வேண்டும். சம்மதமில்லாமல் எடுத்த பணத்தை வட்டியோடும் நஷ்டஈட்டோடும் திருப்புவதைச் சட்டமாக்குங்கள்.

ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் வரும் சம்பள நாளன்று பாஸ்புக்குகளைக் கொண்டுவரச் சொல்லி, ஆறு மாதப் பற்று வரிகளை உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். புரியாத பற்று ஒவ்வொன்றையும் ஒரே மனுவில் எழுதி, பெயரும் கையெழுத்தும் வாங்கி, கிளை மானேஜரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற வேண்டும். மனுவின் நகலை நமக்கும் அனுப்புங்கள்.